ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும்

பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கையில் மொத்தம் நாலு வரிதான் இருந்தது. அடுத்த பருவத்திலிருந்து மாணவர்கள் ஆளுக்கொரு மடிக்கணினியைச் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். பழையதானாலும் பரவாயில்லை, ஓட வேண்டும். பையில் பெயர் எழுதியிருக்க வேண்டும். இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும்.

கடைசி வரியைப் பெரியவள் மூன்று தடவை படித்தாள். அவள் பன்னிரண்டாம் வகுப்பு. தங்கை சின்னவள்தான் ஒன்பது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே வீடு, இரண்டு கட்டில் போட்ட ஒரே அறை. இருந்தும் அந்த நாலாவது வரி நடுவில் ஒரு கோட்டைக் கிழித்து, அவளை அந்தப் பக்கம் நிற்க வைத்துவிட்டது.

"அப்போ எனக்கு?" என்றாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவள். நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை மடித்து மடித்து, வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. சுற்றறிக்கையையும் நாலாக மடித்துக்கொண்டே சொன்னாள். "உனக்கு இன்னும் ஏழு மாசம்தானேடி. அதோட ஸ்கூலே முடிஞ்சிடுது. காலேஜ் போறப்போ பார்த்துக்கலாம்."

"நான் கம்ப்யூட்டரையே பாடமா எடுத்துப் படிக்கிறேம்மா. ஸ்கூல் லேப்ல ஆறு மெஷின், நாங்க நாப்பது பேர். இவளுக்கு என்ன தெரியும்? ஒன்பதாவது!"

"ரூலை நானா போட்டேன்? அவளுக்குத்தானே வந்திருக்கு?"

அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். பதினோரு கட்டடங்கள் அவர் பொறுப்பு. மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை என்று பாராமல் வேலைக்குப் போனார். ஒரு சனிக்கிழமை மாலை, அழுக்குக் கையில் படாமல் இரண்டு முழங்கைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஓர் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார். சின்னவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார்.

பெரியவளுக்கு அதுவரை பொறாமை என்பது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வரவில்லை என்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் எதை வாங்கினாலும் முதலில் அவளுக்குத்தான் வாங்கினார்கள். சீருடை, மழைக்கோட்டு, அகராதி, ஜியோமெட்ரிப் பெட்டி, எல்லாம் அவளிடம் புதிதாக வந்து, மூன்று வருஷம் கழித்து வெளுத்துப்போய்ச் சின்னவளிடம் இறங்கும். அதை யாரும் ஒரு விஷயமாக நினைத்ததில்லை. பெரியவளும் நினைத்ததில்லை.

இப்போது நினைத்தாள். காலையில் கண் விழித்தால் நினைப்பு, பல் தேய்க்கும்போது நினைப்பு. அறையில் இருந்தது ஒரே ஒரு ப்ளக் பாயின்ட், அதில் சார்ஜர் செருகியிருந்தது. சின்னவள் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் திரையைத் துடைப்பாள், வாயால் ஊதுவாள், மறுபடி துடைப்பாள். சாப்பிட்டுவிட்டுக் கையை இரண்டு முறை கழுவுவாள். ஜன்மத்தில் ஒரு முறைக்கு மேல் கை கழுவியிராதவள்! அதைப் பார்க்கிறபோதெல்லாம் பெரியவளுக்கு அடிவயிற்றில் யாரோ பற்றவைத்த மாதிரி இருக்கும். 'ரொம்பத்தான்' என்று முணுமுணுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பள்ளிக்கூடத்தில் அதைவிட மோசம். பன்னிரண்டாம் வகுப்பு இரண்டாவது மாடியில். ஜன்னலோரம் பெரியவளுக்கு இடம். நடு முற்றத்துக்கு அந்தப் பக்கம், கீழ்த்தளத்தில், ஒன்பதாம் வகுப்பு. முதல் மணி அடித்ததும் அங்கே முப்பத்தைந்து மூடிகள் ஒரே சமயத்தில் திறக்கும். இவள் மேலே உட்கார்ந்து, கணினி நிரலைக் கோடு போட்ட நோட்டில் பேனாவால் எழுதிக்கொண்டிருப்பாள். தப்பு இருக்கிறதா என்று சொல்ல அந்த நோட்டுக்கு வாய் கிடையாது. வியாழக்கிழமை லேபில் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அங்கேயும் ஒரு மெஷினுக்கு ஆறேழு பேர். கையை நீட்டி ஒரு பட்டனைத் தட்டுவதற்குள் மணி அடித்துவிடும்.

ஒரு நாள் சின்னவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் பெரியவள் மெதுவாக மூடியைத் திறந்தாள். பாஸ்வேர்டு கேட்டது. தங்கையின் பிறந்தநாளைப் போட்டுப் பார்த்தாள். இல்லை. அம்மாவின் பிறந்தநாள். இல்லை. மூன்றாவதாக எதைப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஈரத் தலையோடு சின்னவள் நின்றிருந்தாள்.

"கேட்டுட்டு எடுக்கலாம்ல?"

"உன்கிட்ட நான் கேக்கணுமா?"

"நான் உன்கிட்ட எல்லாத்துக்கும் கேட்டுட்டுத்தானேக்கா எடுப்பேன்?"

அது உண்மைதான். உண்மை என்பதாலேயே பெரியவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

இரண்டு வாரம் கழித்துச் சின்னவளே வந்து நின்றாள். கணினி ஆசிரியை ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருந்தார். வீட்டைச் சுற்றி நடக்கிற ஏதாவது ஒன்றை எண்ணிக் கணக்கெடுத்து, வரைபடமாகப் போட்டு, அதிலிருந்து என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். சின்னவள் தெருவில் போகிற கார்களை நிறவாரியாக எண்ணலாம் என்று இருந்தாள்.

"கேவலமா இருக்கு," என்றாள் பெரியவள். "வெள்ளைக் கார் நிறைய போகுதுன்னு கண்டுபிடிச்சு என்ன பண்ணப் போறே?"

"வேற எனக்குத் தோணலையே."

பெரியவள் கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி பாவனை செய்தாள். உண்மையில் யோசிக்க ஒன்றும் இல்லை. "நான் செஞ்சு தரேன். பதிலுக்கு தினமும் சாயங்காலம் ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் லேப்டாப் என்கிட்ட இருக்கணும். பாஸ்வேர்டும் சொல்லிடணும். என் முறைப் பாத்திரமும் நீதான் தேய்க்கணும்."

"பாத்திரமுமா?"

"வேண்டாம்னா கார் எண்ணு, போ."

பேரம் முடிந்தது.

மறுநாள் பெரியவள் அப்பாவிடம் போய், "சின்னவ ப்ராஜெக்ட்டுக்கு வேணும்ப்பா. உங்க ரெஜிஸ்டரைத் தர்றீங்களா?" என்று கேட்டாள். அப்பா ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். புகார் வந்த தேதி, நேரம், எந்த மாடி, என்ன கோளாறு, எப்போது சரியானது, எல்லாம் அவருடைய குண்டுக் கையெழுத்தில் இருக்கும். தன் நோட்டு ஒரு ப்ராஜெக்ட்டுக்கு உதவும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் நோட்டை எடுத்து, அட்டையில் இருந்த கிரீஸ் கறையைத் துடைத்துக் கொடுத்தார். "பத்திரம்," என்றார். முகம் மட்டும் மலர்ந்துபோயிருந்தது.

பெரியவள் அதில் மூழ்கிப்போனாள். பதினான்கு மாதத்தில் அறுபத்தொரு புகார். ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றினாள். விரல்கள் நாலே நாளில் பழகிவிட்டன. மாடிவாரியாகப் பிரித்ததும் வரைபடம் தானாக எழும்பியது. எல்லா மாடியிலும் மூன்று, நாலு, ஐந்து. மூன்றாவது மாடியில் மட்டும் இருபத்துமூன்று. எல்லாமே கதவு மூடவில்லை என்ற புகார். கிழமைவாரியாகப் போட்டுப் பார்த்தாள். திங்கள், புதன், வெள்ளி. நேரம் நாலிலிருந்து ஆறு.

"மூணாவது மாடியில என்னப்பா இருக்கு? சின்னவ கேக்கச் சொன்னா," என்று சமையலறை வாசலிலிருந்து கேட்டாள்.

"ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ். அப்புறம் பசங்களுக்குக் கராத்தே சொல்லித் தர்ற இடம்."

"கராத்தே என்னைக்கெல்லாம்?"

"திங்கள், புதன், வெள்ளி," என்று சொல்லிவிட்டு அப்பா கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "அட!"

பெரியவளுக்கு இவ்வளவு நாள் நோட்டில் பேனாவால் எழுதியதெல்லாம் எதற்கென்று அந்தக் கணத்தில்தான் விளங்கியது. கராத்தேப் பிள்ளைகள் பையைக் கதவுக்கு நடுவில் வைத்துக்கொண்டு கூட்டாளிகளுக்காக லிஃப்டை நிறுத்துகிறார்கள், அதனால் கதவு சென்சார் கெட்டுப்போகிறது என்று முடிவு எழுதினாள். நிறம் பார்த்துப் பார்த்துப் போட்டாள். இரண்டு முறை சின்னவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இது எப்படிக்கா வந்துச்சு?" என்று கேட்டபோது, "பாத்திரம் தேய்ச்சாச்சா?" என்று விரட்டிவிட்டாள். கடைசியில் முதல் பக்கத்தில் தங்கையின் பெயரை அடித்தபோது மட்டும் விரல் ஒரு நொடி நின்றது. பேரம் பேரம்தான் என்று அடித்து முடித்தாள்.

வினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

கணினி ஆசிரியை அந்த ப்ராஜெக்ட்டை ஒன்பதாம் வகுப்புக்கே போட்டுக் காட்டினார். பிறகு தலைமையாசிரியைக்குக் காட்டினார். சொந்த மடிக்கணினித் திட்டம் எதற்கு என்று கேட்டுக் குறைபட்டுக்கொண்டிருந்த பெற்றோர்கள் நிறைய. அவர்கள் வாயை அடைக்க இதைவிட நல்ல சாட்சி வேண்டாம் என்று தலைமையாசிரியை முடிவு கட்டினார். பெற்றோர் கூட்டத்தில் சின்னவள் மேடையேறி இதை விளக்க வேண்டும்.

"உன் தங்கச்சி பயங்கர மூளைக்காரியா இருக்காளே!" என்றாள் பெரியவளின் பக்கத்து இருக்கைக்காரி. "உனக்கு வியாழக்கிழமை வியாழக்கிழமை டவுட் சொல்லித் தரச் சொல்லேன்."

சுற்றிலும் நாலு பேர் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். பல் கடித்த சிரிப்பு. கணித ஆசிரியர் வேறு, விடைத்தாளைக் கொடுத்தபோது தொண்ணூற்றிரண்டைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல. ஆனா வீட்ல உன்னைத் தாண்டி ஒருத்தி வந்துட்டா போலிருக்கே," என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அது பெரியவளுக்கு மூன்று நாள் உறக்கத்தைக் கெடுத்தது.

பிறகு அப்பா. ஒரு நாள் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், சின்னவளின் தலையில் கை வைத்தார். "சூப்பர்வைசர்கிட்டச் சொன்னேன்மா. 'உன் பொண்ணா? நம்ம ரெஜிஸ்டரை வச்சா?'ன்னு அசந்துட்டாரு," என்றார். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தாள். பெரியவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிரீஸ் ஏறிய அந்த விரல்கள் தன் தலையில் அப்படிப் பதிந்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தாள். எண்ணத் தெரியவில்லை.

மடிக்கணினி அவளுக்கு இனி ஒரு பொருட்டே இல்லை. தன் மூளையையே தங்கை மாட்டிக்கொண்டு திரிகிற மாதிரி இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் சின்னவள் அறைக்குள் வந்தாள். "அக்கா, மேடையில என்ன பேசணும்னு கொஞ்சம் சொல்லிக் கொடுக்கா. கிழமைவாரியா எப்படிப் பிரிச்சேன்னு மிஸ் கேட்டாங்க. நான் முழிச்சேன்."

"ஏன், உன் மூளைதானே? அதுகிட்டக் கேளு."

"ப்ளீஸ்க்கா."

"செஞ்சு தரேன்னுதான் சொன்னேன். சொல்லித் தரேன்னு சொல்லலை."

சின்னவள் "சரி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கெஞ்சினால் இன்னும் இரண்டு சுடுசொல் சொல்லலாம் என்று பெரியவள் காத்திருந்தாள். கேட்காதது திமிர் என்று பட்டது. அந்த வாரம் சின்னவள் அப்பாவோடு விடிகாலையில் எதையோ குசுகுசுவென்று பேசினாள். ஒரு புதன்கிழமை பள்ளி விட்டு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாள். கேட்டதற்கு, "ஃப்ரெண்டு வீட்டுக்கு," என்றாள். பெரியவள் நம்பினாள். வேறு எதையும் நினைத்துப் பார்க்க அவளுக்கு மனம் இல்லை.

பெற்றோர் கூட்டம் சனிக்கிழமை பத்து மணிக்கு. காலை ஏழரைக்கு அம்மா கூடத்தில் சின்னவளை உட்கார வைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அறையில் மடிக்கணினி திறந்தபடி இருந்தது.

பெரியவள் எதையும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அப்படித்தான் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உட்கார்ந்தாள். அட்டவணையைத் திறந்தாள். மூன்றாவது மாடிக்கு நேரே இருந்த இருபத்துமூன்றை எடுத்துவிட்டு நாலைப் போட்டாள். ஆறாவது மாடிக்கு நேரே இருந்த நாலை எடுத்துவிட்டு இருபத்துமூன்று போட்டாள். வரைபடத்தில் மூன்றாவது மாடியின் கம்பம் பொத்தென்று இறங்கி, ஆறாவது மாடியில் சரேலென்று எழும்பியது. சேமித்தாள். மூடியை முன்பு இருந்த அளவுக்குத் திறந்து வைத்தாள். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. சின்னவள் மேடையில் 'மூன்றாவது மாடி' என்று சொல்வாள், பின்னால் திரையில் ஆறாவது மாடி உயர்ந்து நிற்கும். முழிப்பாள். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த நிமிஷம் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை.

மண்டபத்தில் இருநூறு பேருக்குமேல் இருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்காரர்களுக்கு ஆட்களை உட்காரவைக்கிற வேலை. பெரியவள் பக்கவாட்டுக் கதவோரம் நின்றாள். மூன்றாவது வரிசையில் அப்பா, அம்மா. அப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொருவர். யார் என்று உற்றுப் பார்த்தாள். அப்பாவின் சூப்பர்வைசர்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மேடையில் வரப்போவது தங்கையின் ப்ராஜெக்ட் மட்டுமில்லை, அப்பாவின் ரெஜிஸ்டர். ஆறாவது மாடியில் இருபத்துமூன்று புகார் என்று திரையில் வந்தால் அந்த மனிதர், ரெஜிஸ்டரைத் தப்பாக எழுதியிருக்கிறாரோ என்று அப்பாவைத்தான் திரும்பிப் பார்ப்பார்.  மேடைக்கு ஓடலாமா என்று நினைத்தாள். அதற்குள் சின்னவள் ஏறிவிட்டாள்.

"என் அப்பா லிஃப்ட் பழுதுபார்க்கிறவர்," என்று ஆரம்பித்தாள் சின்னவள். குரல் கொஞ்சம் நடுங்கியது. கட்டடத்தைப் பற்றிச் சொன்னாள், ரெஜிஸ்டரைப் பற்றிச் சொன்னாள். பிறகு வரைபடத்தைப் போட்டாள். "அதிகமான புகார் வந்தது மூன்றாவது..." என்று திரையைப் பார்த்தவள் நின்றுவிட்டாள்.

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். 

சின்னவள் திரையை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, அத்தனை பேருக்கும் மேலாக, கதவோரத்தில் நின்ற அக்காவைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. பெரியவள் தரையைப் பார்த்தாள்.

"இதுல ரெண்டு எண் இடம் மாறியிருக்கு," என்றாள் சின்னவள். குரலில் இப்போது நடுக்கம் இல்லை. "மூணாவது மாடியில இருபத்துமூணு, ஆறாவதுல நாலு. ரெஜிஸ்டர்ல அப்படித்தான் இருக்கு." குனிந்து அட்டவணையைத் திறந்து, எல்லோரும் பார்க்கப் பார்க்க, இரண்டு எண்களையும் மாற்றினாள். திரையில் ஒரு கம்பம் இறங்கியது, இன்னொன்று ஏறியது. "எண்ணை மாத்தினா படமும் மாறிடும். அதனால எண் சரியா இருக்கணும்."

கணினி எப்படி வேலை செய்கிறது என்று வேண்டுமென்றே செய்து காட்டுகிறாள் என்று கூட்டம் நினைத்துக்கொண்டது. கைதட்டல் எழுந்தது. தலைமையாசிரியை பெருமையோடு சுற்றிலும் பார்த்தார்.

முன்வரிசையிலிருந்து ஒருவர் கை தூக்கினார். "மூணாவது மாடியில கராத்தே வகுப்புன்னு போட்டிருக்கு. பசங்க பையை வச்சுக் கதவை நிறுத்துறாங்கன்னு எப்படித் தெரியும்? யாராவது பார்த்தாங்களா?"

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதை யாரும் பார்க்கவில்லை. அவள் ஊகித்து எழுதியது.

"நான் போய்ப் பார்த்தேன்," என்றாள் சின்னவள். "போன புதன்கிழமை அப்பாவோட போய் ரெண்டு மணி நேரம் நின்னேன். அதுல எழுதியிருக்கிறது தப்பு. பசங்க பையை வைக்கலை. வகுப்புக்கு வெளியே ஷூ போட உக்கார இடமே இல்லை. அதனால ஷூவைக் கையில தூக்கிட்டு வந்து, லிஃப்ட் வாசல்லயே உக்காந்து போடுறாங்க. அவங்க போட்டு முடிக்கிற வரைக்கும் அவங்க அம்மாவோ அப்பாவோ காலால கதவை நிறுத்தி வச்சுக்கிறாங்க. பதினேழு தடவை எண்ணினேன். அங்கே ஒரு பெஞ்சு போட்டா போதும்."

மண்டபம் சிரித்தது. நல்ல சிரிப்பு. சூப்பர்வைசர் அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். அவருக்கு முன்பே தெரியும். தெரிந்தும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

பெரியவளுக்கு இரண்டு உணர்ச்சி ஒரே நேரத்தில் வந்தது. அப்பா தப்பித்தார் என்று உயிர் திரும்பி வந்தது. கூடவே வயிறு எரிந்தது, இதுவரை எரிந்ததையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி. இதுவரை பொறாமைப்பட்டது ஒரு சாமானுக்காக, பிறகு வேறொருத்திக்குப் போன தன் பாராட்டுக்காக. இப்போது முதல் தடவையாக, தங்கையைப் பார்த்தே. தனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியிருந்தது. எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று.

கூட்டம் முடிந்து, மாடிப்படி திருப்பத்தில் சின்னவள் அவளைப் பிடித்தாள்.

"மாத்தினது நீதானே?"

பெரியவள் பொய் சொல்ல வாயைத் திறந்தாள். வரவில்லை. "ஆமா."

"நான் மட்டும் ரெஜிஸ்டரைப் படிக்காம வந்திருந்தா? அப்பா முன்னாடி, அந்த சார் முன்னாடி நின்னு முழிச்சிருந்தா?" சின்னவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "தினம் காலையில அப்பாகிட்ட உக்காந்து படிச்சேன்க்கா. நீதான் சொல்லித் தரமாட்டேன்னுட்டியே."

"எல்லாரும் உன்னையே புகழ்ந்தா எனக்கு எப்படி இருக்கும்? செஞ்சது யாரு?"

"ஒரு மாசம். ஒரே ஒரு மாசம் உனக்கு அப்படி இருந்துச்சு. எனக்குப் பதினாலு வருஷம்! நான் படிச்ச ஒவ்வொரு புஸ்தகத்துலயும் உன் பேரை அடிச்சுட்டுத்தான் என் பேரை எழுதினேன். புதுசா வர்ற ஒவ்வொரு டீச்சரும் 'நீ அவளோட தங்கச்சியா, அப்போ நல்லாப் படிப்பே'ன்னுதான் ஆரம்பிப்பாங்க. அப்புறம் மார்க்கைப் பார்த்துட்டு அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாங்க. எனக்கு எரியலையா? உன் நோட்டுல போய் நான் எதையாவது மாத்தினேனா?"

 சின்னவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

ஞாயிறு முழுக்க வீடு வாய் மூடிக் கிடந்தது. திங்கட்கிழமை காலை முதல் மணிக்கு முன்னால் பெரியவள் கணினி ஆசிரியையின் அறைக்குப் போய், எல்லாவற்றையும் சொன்னாள். ப்ராஜெக்ட்டைச் செய்தது தான், எண்ணை மாற்றியதும் தான். ஆசிரியை பேனாவை மூடி வைத்தார். சத்தம் போடவில்லை. சின்னவளுக்குக் கொடுத்த மதிப்பெண்ணை ரத்து செய்வதாகவும், அவள் புதிதாக ஒன்றைத் தனியாகச் செய்து தர வேண்டும் என்றும் சொன்னார். பெரியவளைப் பற்றி வீட்டுக்குக் கடிதம் போயிற்று.

சாயங்காலம் சின்னவள் பையைக் கட்டிலில் எறிந்தாள். "உன்னை யார் சொல்லச் சொன்னது?"

"தப்புப் பண்ணினேன். சொல்லிட்டேன்."

"தப்பைச் சொன்னியா? இல்ல, 'அதெல்லாம் நான் செஞ்சது'ன்னு சொன்னியா?"

பெரியவள் ஆசிரியையின் அறையில் எதை முதலில் சொன்னோம் என்று நினைத்துப் பார்த்தாள். ப்ராஜெக்ட்டைச் செய்தது நான் என்பதைத்தான் முதலில் சொல்லியிருந்தாள். எண்ணை மாற்றியது இரண்டாவதாகத்தான் வந்தது. ஆசிரியை ஒரு நொடி புருவத்தை உயர்த்தி, "அவ்வளவும் நீயா?" என்று கேட்டபோது, நடுக்கத்துக்கு நடுவிலும் உள்ளே ஏதோ ஒன்று குளிர்ந்திருந்தது. அதை மறுக்க முடியவில்லை.

கடிதத்தைப் படித்துவிட்டு அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒரே வயித்துல பொறந்ததுங்க பண்ற காரியமா இது?" என்று ஒரு மணி நேரம் புலம்பினாள். அப்பா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பெரியவளைக் கூப்பிட்டார். அடி விழும் என்று நினைத்தாள். விழுந்திருக்கலாம் என்று பிறகு நினைத்தாள்.

"பதினெட்டு வருஷமா ரெஜிஸ்டர் எழுதறேன்," என்றார். "என் மேல தப்பு இருந்த அன்னைக்குக்கூட ஒரு எண்ணை மாத்தி எழுதினதில்லை." எழுந்து போனார். பெரியவள் அன்றுதான் அழுதாள். அதுவரை வந்ததெல்லாம் ஆத்திரம்.

அதற்குப் பிறகு வீட்டில் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. சின்னவள் பாஸ்வேர்டை மாற்றினாள். பெரியவள் பழையபடி நோட்டில் நிரல் எழுதினாள். அக்காளும் தங்கையும் 'தள்ளு', 'லைட்டை அணை' என்பதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அந்த ஒன்பது மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஒரு பெஞ்சு போட்டார்கள் என்று அப்பா ஒரு நாள் பொதுவாகச் சொன்னார், யார் முகத்தையும் பார்க்காமல்.

சின்னவள் புதிய ப்ராஜெக்ட்டுக்கு அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் எந்த வார்டிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு சலவைக்கு வருகிறது என்று அம்மா தினமும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வருவாள். சின்னவள் கட்டிலில் சம்மணமிட்டு, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, இரண்டே விரலால் டொக் டொக்கென்று ஏற்றுவாள். எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பது பெரியவளுக்குப் பெரும் சித்திரவதை. நிறங்கள் கண்ணைக் குத்தின. வரைபடத்தை வட்டமாகப் போட்டிருந்தாள், கம்பமாகப் போட்டிருக்க வேண்டும். கை துறுதுறுத்தது. கையை முட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் ஒரு மாலையில் டொக் டொக் நின்றது.

"சராசரி எடுக்கறப்போ ஞாயித்துக்கிழமையைச் சேர்க்கணுமா? அன்னைக்கு சலவையே கிடையாது." சின்னவள் திரையைப் பார்த்தபடியே கேட்டாள். சுவரிடம் கேட்டிருக்கலாம், அப்படி ஒரு தொனி.

சொல்லாமல் விட்டால் என்ன என்று ஓர் எண்ணம் பெரியவளுக்குள் தலை நீட்டியது. அதை அவளுக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. கொஞ்சம் தாமதமாகத்தான், ஆனாலும் சொன்னாள். "நீ எதைக் கண்டுபிடிக்கப் போறேங்கிறதைப் பொறுத்தது. வேலை நடக்கிற நாள்ல எவ்வளவு வருதுன்னு பார்க்கணும்னா சேர்க்காதே."

"ம்."

"திங்கட்கிழமை மட்டும் ரெண்டு மடங்கா இருக்குமே, பார்த்தியா?"

"பார்த்தேன். நான் என்ன குருடா?"

டொக் டொக் மறுபடி ஆரம்பித்தது.

அந்த ப்ராஜெக்ட்டுக்கு இருபத்தைந்துக்குப் பத்தொன்பது வந்தது. வீட்டுக்குள் நுழையும்போதே சின்னவள் காகிதக் கட்டை ஆட்டிக்கொண்டு வந்தாள். அம்மாவிடம் காட்டினாள், அப்பாவிடம் காட்டினாள். அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். தானாக இருந்தால் இருபத்தைந்து என்று பெரியவளுக்குத் தோன்றியது. பத்தொன்பதுதானா என்று ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டே, அப்பா கீழே வைத்த காகிதங்களை எடுத்துப் புரட்டிவிட்டுத் தங்கையிடம் போனாள்.

"அஞ்சாவது பக்கத்துல தலைப்புல ஒரு எழுத்து விட்டுப்போச்சு."

"தெரியும். மிஸ்ஸே சொல்லிட்டாங்க. வாயை மூடு."

"பாக்கி நல்லா இருக்கு."

சின்னவள் சந்தேகத்தோடு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு காகிதங்களைப் பிடுங்கிக்கொண்டு போய், தன் கட்டிலில் உட்கார்ந்து, அந்த ஐந்தாவது பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.